கடற்காற்றின் முனையில் சிக்கிய கிளைடர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆள் ஏறிப் பறக்கும் கிளைடரைப் பார்க்க வேண்டுமென்றால் புனேயின் ஹடப்சர் போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும். காவிரிப் படுகையில் பறப்பவை ரேடியோவால் இயக்கும் மாதிரி கிளைடர்கள். இந்த ஆய்வில் வரும் குழு ஏழு பேர் கொண்டது. அதில் இருவர் பத்து ஆண்டுகளுக்கு மேல் பறக்கவிட்டவர்கள், மூவர் கல்லூரி மாணவர்கள்.

இடம் கிடைப்பதே இங்கே முதல் சிக்கல். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் அந்தப் பக்கம் அனுமதியில்லாமல் எதையும் பறக்கவிட முடியாது. அதனால் குழு மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையே, ட்ரோன் வான்வெளி வரைபடத்தில் பச்சை மண்டலமாக, அதாவது முன்அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடியதாகக் காட்டப்படும் ஓரிடத்தைப் பிடித்தது. அங்கும் ஆண்டு முழுவதும் நிலம் காலியாக இருப்பதில்லை. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள், தாளுக்கிடையில் அது முளைத்துக் கிடக்கும். உளுந்து பிடுங்கியபின், சித்திரை நடுவிலிருந்து மேட்டூர் தண்ணீரை எதிர்பார்த்துப் புழுதி உழவு தொடங்கும்வரை, ஏறக்குறைய ஆறு வாரம்தான் தரை சும்மா கிடக்கும். வெயில் உச்சத்தில் இருக்கும் ஆறு வாரமும் அதுவே. களிமண் வெடித்து, தாளும் சருகும் காய்ந்து, காலை 9 மணிக்கே தரை சூடேறிவிடும். கிளைடருக்கு வேண்டிய எழுகாற்று, குழுவில் சொல்லும் பேச்சில் ‘தெர்மல்’, தேவைக்கு மேலேயே கிடைக்கும். இந்த நிகழ்வும் அந்த ஆறு வாரத்தில், மே மாத நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

கிளைடரும் ஏற்றும் கருவியும்

சிக்கிய கிளைடர் பல்சா மரத்தில் கட்டப்பட்டது. இறக்கை நீளம் 2 மீட்டர், நடு அகலம் 200 மில்லிமீட்டர், பறக்கும் எடை 780 கிராம். மோட்டார் இல்லை. இறக்கை நுனிகள் மேல்நோக்கி மடிந்திருக்கும் வகை என்பதால் பக்கம் திருப்பும் ரட்டர், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் இரண்டு மட்டுமே கட்டுப்பாடு. இறக்கைமேல் நிமிர்ந்து கிளைடரை இறக்கும் ஸ்பாய்லர் என்ற சிறு பலகையோ வேறு வேகத்தடையோ கிடையாது. உள்ளே உயரத்தைப் பதிவு செய்யும் சிறு கருவி இருந்தது. ஆனால் அது தரைக்கு எதையும் அனுப்பாது, இறங்கியபின் கணினியில் செருகித்தான் படிக்க முடியும்.

ஏற்றுவது ரப்பர் இழுவையில். 30 மீட்டர் லேட்டக்ஸ் குழாய், அதோடு 100 மீட்டர் தங்கூசி நரம்பு, நுனியில் சிறு துணிக்குடையும் வளையமும். வெடித்த களிமண்ணில் சாதாரண முளை நிற்காது. இரண்டு இழுவையிலேயே பிடுங்கிக்கொண்டு ஆள்மீது பாயும். வரப்பின் அடியில், இழுப்புக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடித்த கடப்பாரைதான் தாங்கும். வளையத்தில் மீன் நிறுக்கும் சுருள்தராசை மாட்டி, இழுப்பு 3.5 கிலோ காட்டும்வரை பின்னால் நடப்பார்கள். அது கிளைடர் எடையைப் போல நாலரை மடங்கு. இந்த அமைப்பில் கிளைடர் கழன்றுகொள்ளும் உயரம் 90 முதல் 100 மீட்டர்.

இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளது மைக்ரோ வகை. வணிக நோக்கமில்லாமல் பறக்கவிட விமானிச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் பச்சை மண்டலத்தின் கூரை 400 அடி, அதாவது 120 மீட்டர். 95 மீட்டரில் கழன்றால் மிச்சம் 25 மீட்டர். நொடிக்கு இரண்டரை மீட்டர் ஏற்றும் நடுத்தரத் தெர்மல் ஒன்று அந்த மிச்சத்தைப் பத்து நொடியில் தின்றுவிடும். சீசன் தொடங்கியபோதே கணக்குப் போட்டிருக்க வேண்டிய இதை யாரும் போடவில்லை.

காலைப் பறப்பு

ஆறரை மணிக்குக் களம் தயார். கையில் பிடித்து இயக்கும் டிரான்ஸ்மிட்டரைக் குறைந்த சக்தி முறையில் வைத்து முப்பது தப்படி நடந்து பார்த்தபோது சர்வோக்கள் (ரட்டரையும் எலிவேட்டரையும் அசைக்கும் சிறு கருவிகள்) நடுங்காமல் வேலை செய்தன. தொடர்பு அறுந்தால் கிளைடருக்குள் இருக்கும் ரிசீவர் என்ன செய்யும் என்பதும் சோதிக்கப்பட்டது. அது ‘கடைசி நிலையைப் பிடித்துக்கொள்’ என்று அமைந்திருந்தது. மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னார். ‘அப்புறம்’ என்று விடப்பட்டது.

முதல் இரண்டு பறப்பில் கிளைடர் மூக்கைத் தூக்கித் தூக்கி அலைந்தது. ஓட்டிய மாணவருக்கு எளிதாக இருக்கட்டும் என்று மூக்கில் 12 கிராம் ஈயம் வைத்தார்கள். எடை மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 72 மில்லிமீட்டரில் இருந்தது 67-க்கு வந்தது. கிளைடர் சாதுவானது. காலை வேளைக்கு அந்த முடிவில் தவறில்லை. முன்னெடை கூடினால் ஸ்பின் (வேகமெடுக்காமல் சுழன்று இறங்குவது) வராது என்பது அப்போது யார் நினைவிலும் இல்லை.

பத்து மணி வரை மேற்கிலிருந்து லேசான காற்று. நான்கு ஏற்றம், நான்கு இறக்கம், எல்லாம் மேற்கு நோக்கி. இழுவையும் மேற்கு முகமாகவே விரிக்கப்பட்டிருந்தது.

பதினொன்றே முக்கால்: கண்ணில் பட்டவை

காற்று நின்றது. கம்பத்தில் கட்டிய ரிப்பன் தொங்கிவிட்டது. பக்கத்தில் தெர்மல் கிளம்பினால் அது சுற்றியுள்ள காற்றை உறிஞ்சும்போது இப்படிச் சில நிமிடம் அமைதி வரும். குழு அதை அப்படித்தான் படித்தது: இப்போதே ஏற்றினால் நல்ல எழுகாற்று.

அதே நேரத்தில் வேறு மூன்றும் தெரிந்தன. தென்கிழக்கு வானில் சிறு மேகத் துண்டுகள் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஒரே கோட்டில் அடுக்கி நின்றன. நத்தைகுத்தி நாரைகள் வழக்கம்போல ஒரு தூணாகச் சுற்றாமல், அந்தக் கோட்டை ஒட்டி இறக்கை அடிக்காமல் நேராக மிதந்து போயின. மூன்றாவது, மூன்று வயல் தள்ளிக் களத்தில் உளுந்து தூற்றிக்கொண்டிருந்தவர்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, தார்ப்பாயை இழுத்துப் பக்கம் மாற்றிப் போட்டார்கள்.

மூன்றும் சொன்னது ஒன்றையே: கடற்காற்று வருகிறது. இந்த ஊருக்குத் தெற்கே முத்துப்பேட்டைப் பக்கமும் கிழக்கே வேதாரண்யம் பக்கமும் கடல். கோடையில் உச்சிவேளையை ஒட்டித் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே வரும். அந்தக் குளிர்ந்த, கனமான காற்று தரையை ஒட்டி ஆப்புபோல நுழைந்து, எதிரே இருக்கும் சூடான காற்றை மேலே தள்ளும். அந்த முனை நெடுக எழுகாற்று நீண்ட பட்டையாக நிற்கும். தெர்மல் என்றால் ஒரு தூண், எந்தப் பக்கம் போனாலும் சில நொடியில் வெளியேறலாம். பட்டையோ கிலோமீட்டர் கணக்கில் நீளும், அதோடு நகரவும் செய்யும். நகரும் திசையிலேயே ஓடினால் அதற்குள்ளேயே இருப்போம்.

பறப்பு

11:52-க்கு ஏற்றம். 94 மீட்டரில் வளையம் கழன்றது. இனி வரும் உயரங்கள் பதிவுக் கருவியிலிருந்து பிறகு எடுத்தவை. தரையில் நின்றவர்களுக்கு அப்போது தெரிந்தது ‘பக்கம்’, ‘தூரம்’ என்ற அளவு மட்டும்.

முதல் நாற்பது நொடி லேசாக இறங்கியது, பிறகு இடது இறக்கை தூக்கியது. ஓட்டியவர் அந்தப் பக்கமே திருப்பி வட்டமடித்தார். கழன்று 1 நிமிடம் 10 நொடியில் 120 மீட்டரைத் தாண்டியது. 1 நிமிடம் 50 நொடியில் 210 மீட்டர். பக்கத்தில் நின்ற பார்வையாளர் (ஒவ்வொரு பறப்புக்கும் கண் எடுக்காமல் கிளைடரைப் பார்க்க ஒருவர் நியமிக்கப்படுவார்) “போதும், இறக்கு” என்று சொன்னது இந்தக் கட்டத்தில்.

முதல் முடிவு: வட்டத்தை விட்டு மேற்கே நேராகப் பறப்பது. காலையிலிருந்து காற்று மேற்கிலிருந்து வந்ததால், காற்றை எதிர்த்துப் போனால் தெர்மலை விட்டு வெளியேறலாம், களத்துக்கும் பக்கத்தில் இருக்கலாம் என்பது காரணம். காரணம் சரி, காற்றுதான் மாறிவிட்டது. கிளைடர் பட்டையோடு சேர்ந்தே நகர்ந்தது. 3 நிமிடம் 10 நொடியில் 335 மீட்டர்.

இரண்டாம் முடிவு: மூக்கைக் கவிழ்த்து வேகமாக இறக்குவது. சுமார் 30 பாகைக் கவிழ்ப்பில் இருபது நொடியில் 35 மீட்டர் குறைந்தது. பிறகு மேலிருந்து உறுமல் கேட்டது. துணி அல்லது படலம் ஒட்டிய மெல்லிய இறக்கை வேகத்தில் அதிரும்போது வரும் ஓசை அது. இறக்கைமேல் விழும் சுமை வேகத்தின் இருமடிப்பெருக்கில் கூடும். வேகம் இரட்டித்தால் சுமை நான்கு மடங்கு. உறுமல் கேட்டபின் இன்னும் கவிழ்த்தால் இறக்கை மடியும். ஓட்டியவர் உடனே விட்டுக்கொடுத்தார். அன்று எடுத்த முடிவுகளில் இதுவே மிகச் சரியானது. வெடுக்கென்று மூக்கைத் தூக்காமல் மெல்ல நிமிர்த்தியதும் சரி, பல பல்சா இறக்கைகள் முறிவது கவிழ்ப்பில் அல்ல, பதறி நிமிர்த்தும்போதுதான்.

மூன்றாம் முடிவு: ஸ்பின். எலிவேட்டரை முழுக்க மேலே, ரட்டரை முழுக்க ஒரு பக்கம் பிடித்தால் இறக்கை காற்றைப் பிடிக்கும் திறன் இழந்து, கிளைடர் வேகமெடுக்காமல் சுழன்று இறங்க வேண்டும். ஸ்பாய்லர் இல்லாத கிளைடருக்கு இதுதான் அவசரப் படிக்கட்டு. ஆனால் காலையில் வைத்த 12 கிராம் ஈயம் குறுக்கே வந்தது. முன்னெடையால் இறக்கை திறன் இழக்கவே இல்லை. ஸ்பின்னுக்குப் பதில் வேகமெடுக்கும் செங்குத்துச் சுருள்தான் வந்தது. 25 மீட்டர் இறங்கியதும் மறுபடி உறுமல். கைவிட்டார்கள்.

அதற்குள் கிளைடர் வடமேற்கே சுமார் 500 மீட்டர் தள்ளியிருந்தது. உயரம் 412 மீட்டர், அன்றைய உச்சம். கண்ணிலிருந்து நேர்த்தூரம் 640 மீட்டருக்கு மேல். அந்தத் தூரத்தில் 2 மீட்டர் இறக்கை முழுநிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தெரியும். இறக்கையின் 20 சென்டிமீட்டர் அகலமோ நல்ல கண் பிரித்தறியும் எல்லையில் இருக்கும். பக்கவாட்டில் சாய்ந்தால் கோடாகத் தெரியும், நேராக விலகிப் போனால் 2 சென்டிமீட்டர் தடிமன் மட்டுமே, அதாவது ஒன்றுமில்லை. அதுவே நடந்தது. ஓட்டியவர் ஒரு கணம் டிரான்ஸ்மிட்டரைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தபோது காணோம். பார்வையாளருக்கும் இல்லை. ஆறு நொடி.

மீட்டது களப் பொறுப்பாளரின் ஒரு சொல்: “ரைட் ரட்டர் முழுசா பிடிங்க தம்பி, பளிச்னு அடிக்கும்.” திரும்பும் கிளைடரின் இறக்கை வெயிலில் மின்னியது. கூடவே ஆன்டெனாவைப் பக்கவாட்டில் மடக்கச் சொன்னார். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவின் நுனி நோக்கும் திசையில்தான் அலை மிகக் குறைவு. எல்லோரும் இயல்பாக நுனியைக் கிளைடரை நோக்கியே நீட்டுவார்கள். அந்த நேரத்தில் தொடர்பு அறுந்திருந்தால், காலையில் ‘அப்புறம்’ என்று விட்ட அமைப்பின்படி கிளைடர் கடைசி நிலையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கும், எவ்வளவு தூரமோ.

இறக்கம்

11:58-க்குத் தரையில் நின்றவர்கள் முகத்தில் குளிர்ந்த காற்று பட்டது. ரிப்பன் வடமேற்கே நீண்டது. பொறுப்பாளர் நான்காம் முடிவை எடுத்தார்: கிளைடரைத் தென்கிழக்கே, கடல் பக்கம் திருப்புவது. ஓட்டியவர் தயங்கினார். அந்தப் பாதை அதைக் களத்தை நோக்கி, பிறகு தலைக்கு மேல் கொண்டுவரும். மே நடுவில் இந்த அட்சரேகையில் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து சற்றே வடக்கில் நிற்கும், அண்ணாந்து பார்க்க முடியாது. தலைக்கு மேல் வராமல் ஒரு பக்கம் ஒதுக்கி ஓட்டுவது என்று ஒப்புக்கொண்டார்கள்.

முடிவின் காரணம் எளிது. பட்டையின் பின்பக்கம் இருப்பது கடலிலிருந்து வந்த குளிர்ந்த காற்று. அதில் தெர்மல் கிளம்பாது. பட்டையை முந்த முடியாது, கடந்து பின்னால் போகலாம். எலிவேட்டரின் இயல்பு நிலையை மாற்றும் டிரிம்மை மூன்று புள்ளி கீழே வைத்து, உறுமல் வராத வேகத்தில் நேராக விட்டார்கள். ஒரு நிமிடத்துக்குள் ஏற்றம் நின்றது. அதன்பின் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் சீராக இறங்கியது. ஆறு நிமிடம் போராடியதை ஒரு திருப்பம் முடித்தது.

ஆனால் உயரத்தைக் கரைக்கப் போட்ட ஒவ்வொரு வட்டத்துக்கும் நொடிக்கு 5 மீட்டர் கடற்காற்று கிளைடரைப் பின்னுக்குத் தள்ளியது. 60 மீட்டர் உயரம் மிச்சமிருந்தபோது அது களத்துக்கு வடமேற்கே 320 மீட்டரில் இருந்தது. நடுவே பம்புசெட்டுகளுக்குப் போகும் 11 கிலோவோல்ட் மின்கம்பி. திரும்பி வர முடியுமா? கிளைடரின் வேகம் நொடிக்கு 8 மீட்டர், அசையாக் காற்றில் ஒரு மீட்டர் இறங்கப் 12 மீட்டர் முன்னேறும். 5 மீட்டர் எதிர்காற்றில் முன்னேற்றம் 3 மீட்டராகச் சுருங்கும், 12 என்பது நாலரை ஆகும். 60 மீட்டரில் 270 மீட்டர்தான் வரும், அதுவும் கம்பிக்கு மேலே இடைவெளி கணக்கில் சேராமல். கம்பிக்கு அப்பாலேயே இறக்குவது என்று முடிவானது. இந்தக் கணக்கை யாரும் அப்போது காகிதத்தில் போடவில்லை. ‘பத்தாது’ என்று அனுபவத்தில் சொன்னது சரியாக இருந்தது.

அப்பால் இருந்தது 120 மீட்டர் நீள உளுந்துத் தரிசு, அதன் மேற்கு விளிம்பை ஒட்டிப் பருத்தி. கடைசித் தவறு இங்கே. காலையில் நான்கு முறையும் மேற்கு நோக்கி இறக்கிய கை, ஐந்தாம் முறையும் மேற்கு நோக்கியே இறக்கியது. காற்று இப்போது ஏறக்குறைய முதுகில். எதிர்காற்றில் தரைவேகம் 3 மீட்டராக, மெல்ல ஓடும் வேகமாக இருந்திருக்கும். முதுகுக்காற்றில் நொடிக்கு 13 மீட்டர், மணிக்கு 47 கிலோமீட்டர். மோதும் ஆற்றல் கிட்டத்தட்ட 19 மடங்கு. தரிசு முழுவதையும் இடுப்பு உயரத்தில் கடந்து, பருத்திக்குள் ஏழெட்டு மீட்டர் போய் நின்றது. நேரம் 12:06.

தரையில்

பருத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்த நான்கு பெண்கள் விழுந்த இடத்திலிருந்து முப்பது மீட்டரில் இருந்தார்கள். யாருக்கும் அடியில்லை. ஆனால் அவர்கள் அங்கே இருப்பதைக் கம்பிக்கு இப்பாலிருந்து எவரும் பார்க்கவில்லை. ‘ஆள் இல்லாத இடம்’ என்று நினைத்தே அந்தப் பக்கம் இறக்கினார்கள். இந்த நிகழ்வில் மிகவும் கவலை தரும் வரி இதுதான், 412 மீட்டர் அல்ல.

ஐந்து செடிகள் முறிந்திருந்தன. கிளைடருக்கு வால் துடுப்பு முறிவு, இடது இறக்கையில் இரண்டு குறுக்குச் சட்டம் விரிசல். நிலத்துக்காரர் பணத்தை வாங்கவில்லை. “காத்து திரும்பிடுச்சேப்பா, உச்சியில கடக்காத்து வரும்னுதானே உளுந்து தூத்துறவங்க பாயை மாத்திப் போட்டாங்க. நீங்க கவனிக்கலயா?” என்று மட்டும் கேட்டார். அடுத்த ஞாயிறுகளில் கம்பிக்கு அப்பால் யார் வேலை செய்கிறார்கள் என்று அவரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்வது என்று முடிவானது.

மாற்றியவை

உயரப் பதிவைப் படித்தபின் முதலில் தங்கூசி நரம்பை 100 மீட்டரிலிருந்து 50-ஆக வெட்டினார்கள். கழலும் உயரம் 60 மீட்டர் அளவுக்கு இறங்கியது. கூரைக்கும் அதற்கும் இடையே யோசிக்க நேரம் கிடைத்தது. உயரத்தைத் தரைக்கு அனுப்பும் சிறு உணர்கருவி ரிசீவரில் சேர்க்கப்பட்டது. 100 மீட்டரில் டிரான்ஸ்மிட்டர் கத்தும். கத்தினால் வட்டத்தை விட வேண்டும், விவாதம் கிடையாது.

ஈயம் எடுக்கப்பட்டு எடை மையம் 72-க்குத் திரும்பியது. மூக்கு அலைந்ததற்கு உண்மையான காரணம் எலிவேட்டர் அசைவு மிகையாக இருந்தது; அதைக் குறைத்ததும் ஈயமில்லாமலே அடங்கியது. ஆனால் குறைத்த அசைவு ஸ்பின்னுக்குப் போதவில்லை. அதனால் ஒரு சுவிட்சில் முழு அசைவும் இன்னொரு நிலையில் குறைந்த அசைவுமாகப் பிரித்தார்கள். இதைச் செய்யாமல் ஈயத்தை மட்டும் எடுத்தவர்கள் அடுத்த தெர்மலில் இதே இடத்தில் நிற்பார்கள். இரண்டு வாரம் கழித்து, காலை அமைதியில் 60 மீட்டரில் சோதித்தபோது ஸ்பின் இரண்டு சுற்றில் 20 மீட்டர் இறக்கியது, ஸ்டிக்கை நடுவில் விட்டதும் நிமிர்ந்தது. தொடர்பு அறுந்தால் என்ன என்ற அமைப்பும் அதே ஸ்பின் நிலைக்கு மாற்றப்பட்டது.

இறக்கையின் மேல்பரப்பில், முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கில், பக்கத்துக்கு 25 சென்டிமீட்டர் நீள ஸ்பாய்லர் வெட்டப்பட்டது. ஒரே சர்வோ, நூல் இழுப்பு. திறக்கும்போது மூக்கு சற்றுத் தூக்குகிறது, அதைச் சரிக்கட்ட, ஸ்பாய்லரோடு எலிவேட்டரும் தானாக அசையும் கலவை சேர்க்க வேண்டியிருந்தது.

களத்தில் இரண்டாவது ரிப்பன் ஒன்று தென்கிழக்கே 300 மீட்டர் தள்ளி, வாய்க்கால் கரைப் பனையில் கட்டப்பட்டது. அது திரும்பினால் களத்து ரிப்பன் திரும்ப ஒன்றிரண்டு நிமிடமாவது இருக்கிறது. இறங்கும் திசையை ஓட்டியவர் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்ல, பார்வையாளர் ரிப்பனைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் குழு ஒத்துவரவில்லை. ஸ்பாய்லர் இல்லாத கிளைடர்களைப் பத்து மணிக்கு மேல் ஏற்றக் கூடாது என்று பொறுப்பாளர் சொல்கிறார். ஆறு வாரமே நிலம் கிடைக்கும்போது பத்து மணிக்கு நிறுத்தினால் தெர்மலை எப்போது கற்றுக்கொள்வது என்பது மாணவர்களின் கேள்வி. கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் ஸ்பாய்லருக்கு ஆகும் வேலை இரண்டு மாலைப்பொழுது, ஒரு சர்வோ. அதைச் செய்யாத கிளைடருக்காக நியாயம் பேசுவது கடினம். முடிவு எழுதப்படுவதற்குள் ஜூன் பிறந்தது, அந்த வயலில் டிராக்டர் இறங்கிவிட்டது.